குடியை விடச் சொல்வதற்கு முன்னால்: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்ட அந்தக் கார்த்திகை முதல் தேதியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பத்து வருடமாகத் தினமும் குடித்தவர், சாமி பெயரைச் சொல்லி ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் டீ டம்ளரைத் தூக்க முடியாதபடி கை நடுங்கியது. டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, குனிந்து, வாயை டம்ளருக்குக் கொண்டுபோய் உறிஞ்சினார். "ரெண்டு நாள்ல சரியாயிடும் சாமி" என்று அவரிடம் சொன்னது நான்தான்.

அன்று இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து இல்லாத கியரை மாற்றிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுநர் அவர். என்னைப் பார்த்து, "டேய் கிளீனர், பின்னாடி பாரு, தார்ப்பாய் அவுந்து கிடக்கு" என்றார். கூடப் பிறந்த தம்பியை அடையாளம் தெரியவில்லை. "மாலை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் போயிருக்காது" என்றார் வார்டு மருத்துவர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். தினமும் நிறையக் குடிப்பவரை "இன்னைக்கே நிறுத்து" என்று சொல்வது நல்லெண்ணத்தில் செய்கிற ஆபத்தான காரியம். முதலில் மருத்துவர், பிறகுதான் நிறுத்துவது. இந்த வரிசை எங்களுக்குத் தெரியவில்லை. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

முதல் படி: எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்

"கொஞ்சமாத்தான் சாப்பிடுவார்" என்பது அளவு இல்லை. மருத்துவர் முதலில் கேட்கப்போவது அளவைத்தான், அதனால் அதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சடித்திருக்கும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் ஏறத்தாழ 60 கிராம். 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகு என்று எடுத்துக்கொண்டால், ஒரு குவார்ட்டர் ஆறு அலகு. அதில் பாதியான கட்டிங் மூன்று அலகு. 650 மில்லி பீர் பாட்டிலில் 5 சதவீதம் என்றால் இரண்டரை அலகு, ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் நான்கு. "பீர்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

கல்லீரல் இதை அவசரமாக எரிக்காது. மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகுதான். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல், எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவரின் ரத்தத்தில் விடியற்காலை நாலு மணிக்கும் மிச்சம் இருக்கும். இரண்டு குவார்ட்டர் என்றால் காலை பத்து மணிக்கும் இருக்கும். அண்ணன் "நைட்டு குடிச்சதுதானே" என்று காலை ஆறு மணிக்கு லோடு எடுத்துக்கொண்டு கிளம்பிய நாட்களை இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதைத் தாண்டி மாட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஒரு வாரம் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு முதல் குடி, ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது ஒரு நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்தார், அன்று என்ன நடந்தது. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

இரண்டாம் படி: பழக்கமா, நோயா

உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. மருத்துவமனைகளில் அதைத்தான் கேட்பார்கள். மொத்த மதிப்பெண் 40. எட்டோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்தான குடி, இருபதோ அதற்கு மேலோ வந்தால் அடிமைநிலையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் அதற்கெல்லாம் உட்கார வேண்டியதில்லை. காலையைப் பாருங்கள், போதும்.

காலையில் கை நடுங்குகிறதா? பல் தேய்க்கும்போது குமட்டுகிறதா? காரணமில்லாமல் வியர்க்கிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனதும் இவை எல்லாம் அடங்கிவிடுகின்றனவா? அப்படியானால் அவர் இப்போது போதைக்காகக் குடிக்கவில்லை. நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார். தினமும் வந்துபோகும் ஆல்கஹாலுக்கு ஈடுகொடுத்து மூளை தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. ஆல்கஹால் மூளையின் பிரேக்கை அழுத்துகிறது என்றால், மூளை பதிலுக்கு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கப் பழகியிருக்கிறது. திடீரென்று ஆல்கஹாலை எடுத்துவிட்டால் பிரேக் விடுபட்டு, மிதித்த ஆக்சிலேட்டர் அப்படியே நிற்கும். நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் அதிலிருந்து வருபவை. இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் அண்ணனைவிட உறுதியாக யாரும் மாலை போட்டிருக்க முடியாது.

மூன்றாம் படி: முதல் நான்கு நாட்களில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடைசிக் குடியிலிருந்து மணிக்கணக்கு ஓட ஆரம்பிக்கிறது.

ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை, நாடித்துடிப்பு ஏறுவது. பலருக்கு இதோடு அடங்கிவிடும். ஆறிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதுவரை வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரும். ஏறத்தாழ அதே நேரத்தில் சிலருக்கு இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ வாசலில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார்.

இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் வரை உள்ள காலம்தான் மிக ஆபத்தானது. ஆள் யார், இடம் எது, நாள் எது என்று தெரியாமல் போகும். காய்ச்சல் அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவார். தையல்காரர் இல்லாத ஊசியில் நூல் கோப்பார், லாரிக்காரர் கியர் போடுவார். இதற்குச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். நம்மூரில் இதைப் பேய் பிடித்தது என்றும் செய்வினை என்றும் சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போய் அந்த ஒரு நாளை இழந்தவர்கள் உண்டு.

ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்தமுறை திடீரென்று நிறுத்தும்போது இன்னும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மாலைக்கும் நிறுத்தி, மாலையைக் கழற்றிய அன்றே தொடங்கி, அடுத்த வருடம் மறுபடி நிறுத்துவது உடம்புக்கு ஒவ்வொரு தடவையும் பெரிய அடி. மாலை போடுவது தவறே இல்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் பலருக்குப் பெரிய பிடிமானம். மாலைக்குப் பத்து நாள் முன்னால் மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கானவர்கள் எந்த மருத்துவ உதவியும் இல்லாமல் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. கேரள அரசு மருத்துவர் சீட்டு எழுதினால் மது தரலாம் என்று உத்தரவே போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. நடுக்கத்துக்கு மருந்து சரக்கு இல்லை, மருத்துவமனையில் வேறு மருந்து இருக்கிறது.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. குடிப்பவர் கால் உடைந்தோ ஆபரேஷனுக்கோ மருத்துவமனையில் சேர்ந்தால் அங்கே அவருக்குக் குடி கிடையாது. மூன்றாம் நாள் ஊசிக் குழாயைப் பிடுங்கிப்போட்டு எழுந்து ஓடுவார். சேர்க்கும் அன்றே, வெட்கப்படாமல், "இவர் தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக நேற்று இரவு எட்டு மணிக்குக் குடித்தார்" என்று சொல்லிவிடுங்கள். உறவினர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பேசுவது

குடித்துவிட்டு வந்த இரவில் பேசாதீர்கள். அன்று நீங்கள் பேசுவது பாட்டிலிடம். காலையில், சாப்பிட்டு முடித்து, கொஞ்சம் நிதானமாக இருக்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். மாமா, சித்தப்பா, பங்காளி என்று பத்துப் பேர் கூடிப் பஞ்சாயத்து வைத்தால் அவர் சத்தியம் செய்துவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதை விட்டுவிடுங்கள். அது உடையும்போது பிள்ளைக்குத்தான் வலிக்கும்.

"குடியை விடு" என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் ஆயிரம் பதில் இருக்கிறது. "நான் நினைச்சா நாளைக்கே விட்டுருவேன்" என்பது அதில் முதலாவது. "டாக்டரைப் பார்க்கலாம் வா" என்று மட்டும் கேளுங்கள். அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வலிப்புக்குப் பிறகும் அவர் மறுபடி குடிக்கத் தொடங்கியபோது நான் கேட்டது இப்படி:

"அண்ணே, கை ரொம்ப நடுங்குதே. வண்டி ஓட்டுறப்ப பயமா இல்லையா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஹேர்பின் வளைவுல பயமாத்தான்டா இருக்கு" என்றார்.

"நடுக்கத்துக்கு மட்டும் ஒரு தடவை காட்டிட்டு வந்துருவோம். வேற எதுவும் நான் பேசல."

சரி என்று சொல்ல வைத்தது அந்த வளைவுதான். பெண்டாட்டி, பிள்ளை, மானம், மரியாதை என்று நாங்கள் வருடக்கணக்கில் சொன்ன எதுவும் இல்லை. அவர் சரி சொன்ன அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, கிளம்ப வேண்டும். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். மறுநாள் என்று தள்ளினால் மனசு மாறிவிடும். கிளம்பும் முன் அவர் ஒரு கட்டிங் போட்டுக்கொண்டால் சண்டை போடாதீர்கள், மருத்துவரைப் பார்க்கும் வரை அவர் திடீரென்று நிறுத்த வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எங்கே போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. குடிக்கு அங்கேதான் காட்ட வேண்டும். "பைத்தியக்கார வார்டா?" என்று அவர் முறைத்தால், நரம்புக்கும் தூக்கத்துக்கும் அங்கேதான் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த பிறகு அவர் தொடங்கியது அது.

போனில் வழி கேட்க, போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு.

தனியார் மறுவாழ்வு மையங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நல்லவை இருக்கின்றன. ஆனால் இரவில் வேன் அனுப்பி, நான்கு பேர் வந்து, ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் இடங்களும் இருக்கின்றன. வலிப்பு வருவதற்கு முந்தைய வருடம் அண்ணனை அப்படி ஓர் இடத்தில் நாங்களே விட்டோம். முதல் முப்பது நாள் பார்க்க விடவில்லை. திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு. வந்த மூன்றாம் நாளே குடித்தார். அதன் பிறகு எந்த மருத்துவமனைப் பேச்சை எடுத்தாலும், "அங்கயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தப் பயத்தைப் போக்கத்தான் எங்களுக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

ஆகவே சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்திய முதல் வாரத்துக்கு மருத்துவர் யார், அவர் தினமும் வருவாரா, இரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் பதில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களில் ஒருவரிடமாவது தனியாகப் பேச விடுகிறார்களா என்று பாருங்கள். 2017 மனநலச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆறாம் படி: முதல் வாரம்

மருத்துவர் எல்லோரையும் படுக்கையில் சேர்க்கச் சொல்லமாட்டார். குடி அளவு குறைவாக, முன்பு வலிப்பு வராதவராக, வீட்டில் கூடவே ஓர் ஆள் இருப்பவராக இருந்தால் மாத்திரை தந்து வீட்டிலேயே இருக்கச் சொல்லலாம். முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர், வயதானவர், கல்லீரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் எல்லாம் படுக்கையில் இருந்தே ஆக வேண்டும்.

குளோர்டயாசெபாக்சைடு, டயாசெபம் போன்ற மாத்திரைகளை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். மூளை மிதித்துவைத்திருக்கும் ஆக்சிலேட்டரை இந்த மருந்து மெதுவாக விடுவிக்கிறது. கல்லீரல் பழுதானவருக்கு லோராசெபம் தருவார்கள். இவை அனைத்தும் தாமே பழகிவிடக் கூடியவை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த மாத்திரையோடு குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

இரண்டாவது, தயமின் என்கிற பி1 வைட்டமின். குடிப்பவர் சரியாகச் சாப்பிடமாட்டார், சாப்பிடுவதும் உடம்பில் சேராது, அதனால் இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். இது இல்லாமல் போனால் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்று தொடங்கி நிரந்தர ஞாபக மறதியில் போய் முடியலாம். ஊரில் நாம் செய்வது என்ன? "ரொம்பச் சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடுங்க" என்று தெருமுனை கிளினிக்கில் கேட்பது. தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச தயமினும் அந்தச் சர்க்கரையை எரிக்கவே போய்விடும். குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போட வேண்டும். எந்த கிளினிக்கில் படுத்தாலும், "இவர் குடிப்பவர்" என்று உரக்கச் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்… இரண்டே வார்த்தை, ஆனாலும் நாங்கள் சொல்லத் தயங்கினோம்.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏழாம் படி: சோற்றில் கலக்கும் மாத்திரை

"குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்" என்று சுவரெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா ஒரு பொட்டலம் வாங்கி வந்து குழம்பில் கலந்தார். நல்லவேளை, அது என்ன பொடியோ, ஒன்றும் ஆகவில்லை.

இப்படிக் கலக்கப்படுவது சில சமயம் டைசல்ஃபிராம். அது நல்ல மருந்துதான், 1940-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆல்கஹால் உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு உடைய விடாமல் தடுக்கும். மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதய நோயாளிக்கு உயிரே போகலாம். தனக்குத் தெரிந்தே, சம்மதித்தே, மருத்துவர் சோதித்த பிறகு சாப்பிடுபவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் சாப்பிடுபவருக்கு அது கண்ணிவெடி. அம்மா, அண்ணி, யாராக இருந்தாலும், தயவு செய்து கலக்காதீர்கள். தெரிய வந்த அன்றோடு வீட்டுச் சாப்பாட்டின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன. கல்லீரல் பாதித்தவர்களுக்கு பேக்லோஃபென் எழுதுவதுண்டு. எது யாருக்கு என்பதைக் கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டாம் மாதம் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எட்டாம் படி: வீடு திரும்பிய பிறகு

மருத்துவமனையில் நடப்பது எளிய பாதி. அங்கே கடை இல்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கிறது. நாங்கள் அண்ணனை ஆறு மாதம் வேறு தெரு வழியாகப் போக வைத்தோம். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் வேலை செய்தது.

ஏக்கம் அலை மாதிரி வரும். கால் மணி, அரை மணி நேரத்தில் தணியும். அந்த அரை மணியைக் கடத்துவதுதான் வேலை. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நான்கில் ஒன்று இருந்தால் அலை பெரிதாக வரும். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கே வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிடுங்கள். அண்ணன் சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்வார். இனிப்பு நிறையக் கேட்பார்கள், கொடுங்கள், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் சரியாக வர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். "குடிச்சப்பவாவது தூங்கினேன்" என்பார். அது தற்காலிகம் என்று மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

சனிக்கிழமைக் கூலி, சாவு வீடு, கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், கோவில் திருவிழா. நம்மூரில் குடி காத்திருக்கும் நாலு இடங்கள். சனிக்கிழமைக் கூலியை முதலாளியிடமிருந்து அண்ணி கணக்குக்கு நேராகப் போட வைத்தோம், அண்ணனின் சம்மதத்தோடு. சாவுக்குப் போனால் மாலை போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவது. கூட ஓர் ஆள் போவது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே பல ஊர்களில் நடக்கின்றன. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கியது. கட்டணம் இல்லை, பெயர் கேட்கமாட்டார்கள். முதல் கூட்டத்துக்கு நான் வாசல் வரை கூடப் போனேன். வெளியே வந்தவர், "நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்டா" என்றார். அன்று வேறு எதுவும் பேசவில்லை.

வீட்டிலிருப்பவர்களுக்குக் கடினமான பயிற்சி, வாயை ஊதிக்காட்டச் சொல்லாமல் இருப்பது. அண்ணி வாசலிலேயே மோந்து பார்ப்பார். பத்து வருட அனுபவம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடிக்காமல் வந்த நாளிலும் திருடனைப் போல உள்ளே வர வேண்டியிருந்தால் அவருக்கு அன்று குடிக்காமல் வந்ததில் என்ன பயன்? சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை மருத்துவர் எடுக்கும் ரத்தச் சோதனை மீதியைச் சொல்லிவிடும்.

உடம்பு தேறும். குடியால் கல்லீரலில் படிந்த கொழுப்பு, முழுக்க நிறுத்தினால் சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரல் பழையபடி ஆகாது, ஆனால் நிறுத்தினால் ஆயுள் நீளும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல் புற்றுநோய்களோடு பிறகு குடல், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பட்டியலில் சேர்ந்தன. பிராந்தி சூடு, பீர் குளிர்ச்சி, ஒயின் நெஞ்சுக்கு நல்லது என்ற பேச்செல்லாம் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நிற்காது.

ஒன்பதாம் படி: அண்ணிகளுக்கு

அடி விழுகிறதென்றால் மேலே சொன்ன எந்தப் படியும் உங்கள் முதல் படி அல்ல. உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்வதுதான் முதல் படி. பெண்கள் உதவி எண் 181. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வீட்டிலேயே தங்கும் உரிமையையும் தருகிறது. "நோய்தானே" என்று அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குடி நோயாக இருக்கலாம், அடிப்பதற்கு அது மன்னிப்பு ஆகாது. பிள்ளைகளிடம், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னால வந்தது இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் தம்மால்தான் என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தாம் படி: காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், கண் மஞ்சள், வயிறு உப்பி வருவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, எழுப்பினாலும் எழாமல் மூச்சு இழுத்து இழுத்து வருவது. இவை எதுவாக இருந்தாலும் 108. "தூங்கட்டும், போதை தெளியட்டும்" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போகாதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும்.

கள்ளச்சாராயம் தனி. 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்ததைக் குடித்துச் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல். மெத்தனால் குடித்தவுடன் சாதாரணப் போதை மாதிரியே இருக்கும். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுக்கும், அதனால் அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தலைவலி, வயிற்று வலி, மூச்சு வாங்கல், கண் மங்கல் வரும். அதற்குள் ஆள் வேலைக்கே போயிருப்பார். கூடக் குடித்தவர்களில் ஒருவருக்கு இப்படி ஆனது என்று கேள்விப்பட்டால், தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்பவரையும் சேர்த்து உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற முடியும்.

மறுபடி குடித்துவிட்டால்

பெரும்பாலும் குடிப்பார்கள். அண்ணன் பதினோராவது மாதத்தில் குடித்தார், ஒரு பங்காளி வீட்டுச் சாவில். அண்ணி எனக்குப் போன் செய்து, "எல்லாம் போச்சு தம்பி" என்று அழுதார். போகவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவமனையை மாற்றமாட்டோம், திட்டமாட்டோம், மருந்தைச் சரிபார்ப்போம். இதுவும் அப்படித்தான். எத்தனை நாள், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஓரிரு நாள் என்றால் அதே மருத்துவரிடம் மறுநாளே போங்கள். வாரக்கணக்கில் தினமும் குடித்திருந்தால் மறுபடி மூன்றாம் படியிலிருந்து, அதாவது வீட்டில் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் கையில் தொடங்குங்கள். அண்ணனை அன்று வியாழக்கிழமை மனநலப் பிரிவு ஓ.பி.க்குக் கூட்டிப்போனேன். சீட்டை நீட்டியதும் மருத்துவர் தலையை நிமிர்த்தி, "பதினோரு மாசம் இருந்திருக்கீங்களே, எப்படி இருந்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டார். அண்ணன் கடலை மிட்டாயிலிருந்து ஆரம்பித்தார்.